நல்ல ரிப்போர்ட் வாங்காத நர்ஸ்: எடித் கேவல் அம்மையாரின் ஜீவிய சரித்திரம்



நம்முடைய சபைகளில் நர்சிங் படிக்கிற பெண் பிள்ளைகள் எத்தனை பேர்! ஜெபக்குறிப்புச் சீட்டுகளை எடுத்துப் பாருங்க, தெரியும். ஒரு பேப்பரில் அரியர் விழுந்துவிட்டது, வார்டு சிஸ்டர் எல்லார் முன்னாடியும் திட்டுறாங்க, நைட் டியூட்டியில் கால் வீங்கிப் போகுது, பேசாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடட்டுமா ஐயா என்று கேட்டு எழுதுகிற பிள்ளைகள் உண்டு. கண்ணீரோடுதான் எழுதுகிறார்கள். இவர்களுக்கு நாம் வழக்கமாகச் சொல்லுகிறது ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் கதை. அது நல்ல கதைதான். ஆனால் சோர்ந்துபோன ஒரு பிள்ளைக்கு அவ்வளவு பெரியவரின் கதையைச் சொன்னால், நம்மால் இதெல்லாம் ஆகிற காரியமா என்று இன்னும் பயந்துபோகும். ஆகவே இந்த மாதம் வேறொரு அம்மையாரின் ஜீவியத்தை எழுதுகிறோம். இவர் டிரெயினிங் எடுத்தபோது மேட்ரன் இவரைப் பற்றிப் பதிவேட்டில் என்ன எழுதி வைத்தார் தெரியுமா? திறமை உண்டு, ஆனால் முழு மனதோடு வேலை செய்கிறதில்லை, நேரத்துக்கு வருகிறதில்லை, முழுவதும் நம்பத்தக்க நர்ஸ் என்று சொல்ல முடியாது. இந்தக் கருத்தில்தான் எழுதியிருந்தார். அப்படிப்பட்டவரைத்தான் தேவன் பிற்பாடு ஒரு தேசத்துக்கே நர்சிங் கற்றுக்கொடுக்க எடுத்து உபயோகித்தார்.

இவர் பெயர் எடித் கேவல். 1865-ம் ஆண்டு டிசம்பர் 4-ம் தேதி, இங்கிலாந்தில் நார்விச் பட்டணத்துக்குப் பக்கத்தில் ஸ்வார்ட்ஸ்டன் என்ற சின்ன கிராமத்தில் பிறந்தார். நான்கு பிள்ளைகளில் மூத்தவர். தகப்பனார் பிரெடரிக் கேவல் அந்த ஊர் ஆங்கிலிக்கன் சபையில் 40 வருஷத்துக்கும் மேலாகக் குருவானவராக இருந்தவர். ஆகவே இந்த அம்மையார் நம்மைப் போல பெந்தெகொஸ்தே விசுவாசி அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆனாலும் கர்த்தருக்குப் பயப்படுகிற வீட்டில் வளர்ந்தவர்.

தகப்பனார் குருமனையைத் தம் சொந்தப் பணத்தில் கட்டினபடியால் கையில் ஒன்றும் மிச்சமில்லை. வீட்டில் வறுமை. அப்படியிருந்தும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு தயாரானதும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போய் ஊரிலுள்ள ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் குடும்பத்தார் சாப்பிட உட்காருவார்களாம். இவர்கள் போய்த் திரும்புகிறதற்குள் வீட்டிலிருக்கிற சாப்பாடு ஆறிப்போகும். பிள்ளைகளுக்கு அது பழகிப்போயிற்று. பிரசங்கத்தைவிட இந்த ஆறின சாப்பாடுதான் எடித்துக்குப் பெரிய வேதபாடமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறோம்.

ஊரில் ஞாயிறு பள்ளி நடத்த ஒரு அறை கிடையாது. வாலிபப் பெண்ணான எடித் துணிந்து பிஷப்புக்கே ஒரு கடிதம் எழுதினார். ஊரார் ஒரு பங்கு பணம் சேர்த்தால் நான் உதவி செய்கிறேன் என்று அவர் பதில் கொடுத்தார். எடித் நன்றாகப் படம் வரைவார். வாழ்த்து அட்டைகளில் சித்திரம் தீட்டி விற்று, குடும்பமாகச் சேர்ந்து 300 பவுன் வரை திரட்டி, அந்த அறையைக் கட்டி முடித்தார்கள்.

பிறகு பிழைப்புக்காகப் பணக்கார வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலைக்குப் போனார். பள்ளிக்கூடத்தில் கற்ற பிரெஞ்சு பாஷை கைகொடுத்தது. 1890 முதல் 1895 வரை பெல்ஜியம் தேசத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் ஒரு குடும்பத்தில் இருந்தார். அந்நிய ஊர், அந்நிய பாஷை, பிறருடைய பிள்ளைகள். இது வீணாய்ப் போன ஐந்து வருஷம் என்று அவருக்கே தோன்றியிருக்கலாம். ஆனால் பாருங்க, கர்த்தர் ஒன்றையும் வீணாக்குகிறதில்லை. எதற்காக அந்தப் பாஷை, எதற்காக அந்த ஊர் என்பது பின்னால் தெரியவந்தது.

1895-ல் தகப்பனார் வியாதிப்பட்டார். எடித் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, பக்கத்திலிருந்து அவரைப் பராமரித்தார். அவர் சுகமானார். படுக்கையோரத்தில் இருந்த அந்த நாட்களில்தான் இதுவே என் வேலை என்கிற எண்ணம் எடித்துக்கு உறுதியாயிற்று. அப்போது வயது 30. நம் ஊரில் என்றால் இனிமேல் என்ன படிப்பு, வயதாகிவிட்டது என்று சொல்லியிருப்பார்கள். முதலில் லண்டனில் டூட்டிங் என்ற இடத்திலுள்ள காய்ச்சல் ஆஸ்பத்திரியில் சில மாதம் வேலை பார்த்துவிட்டு, 1896-ல் ஒயிட்சேப்பல் பகுதியிலிருந்த லண்டன் ஆஸ்பத்திரியில் பயிற்சி மாணவியாகச் சேர்ந்தார்.

ஒயிட்சேப்பல் என்றால் அந்தக் காலத்தில் லண்டனிலேயே மகா தரித்திரமான இடம். குடி, சண்டை, பட்டினி, நோய். காயப்பட்டவர்களும் காசில்லாதவர்களும் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் வருவார்கள். காலை 7 மணிக்கு வார்டுக்குள் போனால் ராத்திரி 9 மணி ஆகும் வெளியே வர. நடுவில் சாப்பிடக் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். மேட்ரன் ஈவா லுக்கஸ் என்ற அம்மையார். நைட்டிங்கேல் அம்மையாரிடமே ஆலோசனை கேட்டு நடந்தவர், வெகு கண்டிப்பானவர். ஒவ்வொரு மாணவியைப் பற்றியும் தம் கைப்பட பதிவேட்டில் எழுதுவார், யாருக்காகவும் கூட்டிக் குறைத்து எழுதமாட்டார். எடித்தைப் பற்றி அவர் எழுதினதைத்தான் மேலே சொன்னோம். ஆபரேஷன் தியேட்டர் வேலையும் வார்டில் நோயாளிகளிடம் காட்டின அன்பும் நன்றாயிருந்தது என்றும் அதே பதிவேட்டில் உண்டு. ஆனால் எவரோடும் ஒட்டாமல் இருப்பார் என்றும் எழுதியிருந்தது. மொத்தத்தில் சிபாரிசு செய்து அனுப்பத்தக்க ரிப்போர்ட் அல்ல.

அந்த மேட்ரன் அநியாயமாக எழுதினார் என்று நாம் சொல்லமாட்டோம். தாமதமாக வந்திருப்பார், எழுதிவிட்டார். நர்சிங்கில் தாமதம் என்பது சாதாரண காரியம் இல்லை. ஒரு ஆள் பத்து நிமிஷம் பிந்தி வந்தால், ராத்திரி முழுவதும் நின்று களைத்த இன்னொரு ஆள் பத்து நிமிஷம் கூட நிற்க வேண்டும். மருந்து பிந்தும், கட்டு மாற்றுகிறது பிந்தும். ஆனால் இதே மேட்ரன் 1897-ல் என்ன செய்தார் பாருங்கள். கென்ட் மாகாணத்தில் மெய்ட்ஸ்டன் என்ற ஊரில் டைபாய்டு பரவிற்று. குடிதண்ணீர் அசுத்தப்பட்டதால் வந்த வாதை. 1,700-க்கும் மேற்பட்டோர் விழுந்தார்கள். உதவிக்கு நர்சுகள் வேண்டும் என்று லண்டன் ஆஸ்பத்திரியைக் கேட்டபோது மேட்ரன் ஆறு பேரை அனுப்பினார். அந்த ஆறு பேரில் எடித் ஒருவர்!

இக்காலத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கு டைபாய்டுக்கு மருந்து இல்லை. ஆன்டிபயாடிக் என்ற பேச்சே கிடையாது. அது வர இன்னும் 50 வருஷம் ஆயிற்று. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவார், அவ்வளவுதான் அவரால் முடியும். மூன்று நான்கு வாரம் காய்ச்சல் இறங்காது. நோயாளி பிதற்றுவார், எழுந்து ஓடப் பார்ப்பார். குடல் புண்ணாகி இருக்கும், கெட்டியான ஆகாரம் கொடுத்தால் குடல் கிழிந்து செத்துப்போவார் என்று அன்றைக்குப் பயந்தார்கள். ஆகவே பாலும் கஞ்சித் தண்ணீருமாக மணிக்கணக்கு வைத்து ஊட்ட வேண்டும். ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அழுக்கான விரிப்பை ஒரு நாளில் எத்தனை தரம் மாற்றினாலும் போதாது. அந்த அழுக்கிலேதான் வியாதியும் இருக்கிறது. கையை ஒழுங்காய்க் கழுவாவிட்டால் நர்சுக்கும் அடுத்த கட்டிலுக்கும் தொற்றும். சுருக்கமாகச் சொன்னால், நர்சின் கைதான் மருந்து. அந்த வாதையில் 132 பேர் மரித்தார்கள். அத்தனை பேர் விழுந்த இடத்தில் மற்றவர்கள் பிழைத்தது அநேகமாய் இப்படிப்பட்ட கைகளால்தான். அந்த ஊரார் நன்றியாகக் கொடுத்த மெடல் எடித்துக்கும் கிடைத்தது. ரிப்போர்ட் ஒரு பக்கம், மெடல் ஒரு பக்கம். இரண்டும் ஒரே ஆளுக்குத்தான்.

அதற்குப் பின் பத்து வருஷம் ஏற்றமும் இறக்கமுமாகப் போயிற்று. வீடுகளுக்கு அனுப்பப்படுகிற நர்சாக இருந்து கேன்சர், நிமோனியா, அப்பெண்டிசைடிஸ் என்று பலதரப்பட்ட நோயாளிகளைப் பார்த்தார். செயின்ட் பான்க்ராஸ் என்ற ஏழைகள் ஆஸ்பத்திரியில் ராத்திரி சூப்பரின்டென்டன்ட் வேலை.  வீடற்ற கிழவர்கள் கையைப் பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் அங்கே போய்ச் சேருவார்கள். 1903-ல் ஷோர்டிச் ஆஸ்பத்திரியில் உதவி மேட்ரன் ஆனார். சுகமாகி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்த்துவரும் வழக்கத்தை அங்கே தொடங்கிவைத்தார். டிஸ்சார்ஜ் சீட்டோடு நம் கடமை முடிந்தது என்று நினைக்காத மனது அது. 1906-ல் மான்செஸ்டரில் வீடுவீடாய்ப் போகும் நர்சுகளுக்குத் தற்காலிக மேட்ரனாக இருந்தார். அந்த வருஷத்தில்தான் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்து அசுசா தெருவில் பரிசுத்த ஆவியானவரின் எழுப்புதல் தொடங்கிற்று. ஒரு பக்கம் அங்கே அக்கினி விழுகிறது. இன்னொரு பக்கம், யாரும் அறியாத ஒரு 40 வயது நர்சைக் கர்த்தர் வேறொரு வேலைக்கு ஆயத்தம் பண்ணிக்கொண்டிருந்தார்.

1907-ல் பிரஸ்ஸல்ஸிலிருந்து அழைப்பு வந்தது. டாக்டர் அன்டுவான் டெபாஜ் என்ற பேர்பெற்ற சர்ஜன், இங்கிலாந்து முறைப்படி பெல்ஜியத்தில் ஒரு நர்சிங் ஸ்கூல் தொடங்கப் பிரியப்பட்டார். பிரெஞ்சு தெரிந்த, டிரெயினிங் பெற்ற ஒரு மேட்ரன் வேண்டும். எடித்தை அறிந்தவர்கள் அவர் பெயரைச் சொன்னார்கள். 12 வருஷத்துக்கு முன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த அதே ஊர்! 1907 அக்டோபரில், ஒரு தெருவில் அடுத்தடுத்து இருந்த நாலு வீடுகளைச் சேர்த்து அந்தப் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. மாணவிகள் எத்தனை பேர்? ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

ஏன் அவ்வளவு குறைவு? அந்நாட்களில் பெல்ஜியத்தில் நோயாளிகளைப் பார்க்கிறது கன்னியாஸ்திரீகளின் வேலை. அவர்கள் அன்போடு செய்தார்கள். ஆனால் புது வைத்திய முறைகளில் பயிற்சி போதாது. கௌரவமான குடும்பத்துப் பெண் சம்பளத்துக்கு நர்ஸ் வேலை செய்வதா, அந்நிய ஆண்களின் உடம்பைத் தொடுவதா, சாதிசனத்தின் முகத்தில் எப்படி விழிப்பது? தாய் தகப்பன்மார் இப்படித்தான் பேசினார்கள். இதைப் படிக்கும்போது நம்முடைய ஊர் ஞாபகம் வருகிறது அல்லவா? இரண்டு வருஷம் கழித்து, 1909-ல், நம் வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் நர்சிங் ஸ்கூல் தொடங்கினபோது இங்கேயும் இதே பேச்சுதான். இன்றைக்கு நர்ஸ் மருமகள் வேண்டும், வெளிநாடு போவாள் என்று கேட்டு வருகிறார்கள்! முன்னே இகழ்ந்ததும் பின்னே பணத்துக்காகத் தேடுவதும் இரண்டும் ஒன்றுதான் என்பது எங்கள் அபிப்பிராயம். வேலையின் மேன்மையை இரண்டு கூட்டமும் பார்க்கவில்லை.

மாணவிகளுக்கு நீல உடையும் வெள்ளை ஏப்ரனும் கொடுத்தார். விடியற்காலையில் எழுப்பினார். காலைச் சாப்பாட்டு மேஜையில் தமக்கு முன்னால் ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்காருவார். இரண்டு நிமிஷத்துக்கு மேல் யார் பிந்தி வந்தாலும், அன்றைய ஓய்வு நேரத்தில் இரண்டு மணி நேரம் அதிக வேலை. பார்த்தீர்களா? நேரத்துக்கு வராதவர் என்று எழுதப்பட்டவர் கையில் கடிகாரம்! சுத்தம், ஒழுங்கு, சத்தமில்லாமல் நடக்கிறது, கட்டிலை மடிப்பு விழாமல் விரிக்கிறது, இவற்றில் அணுவளவும் விட்டுக்கொடுக்கமாட்டார். பிள்ளைகள் பயந்தார்கள், சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் ஒரு மாணவி வியாதிப்பட்டால் பக்கத்திலே உட்காருகிறவரும் இவரே. தெருவில் திரிந்த நாய்களைச் சேர்த்து வளர்த்தார். ஜாக் என்கிற நாய் இவருக்கு மாத்திரம்தான் அடங்கும்.

முதல் வருஷங்கள் கஷ்டம். பணம் போதாது, சேருகிற பிள்ளைகளில் சிலர் தாங்காமல் போய்விடுவார்கள். திருப்பம் எப்படி வந்தது என்றால், பெல்ஜியத்து ராணி எலிசபெத் அம்மையாருக்குக் கை முறிந்தது. பராமரிக்க இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நர்சை வரவழைத்தார்கள். அரண்மனைக்கே நர்ஸ் போகிறாள் என்று தெரிந்ததும் ஊர் வாய் அடைத்துப்போயிற்று. 1910-ல் நர்சுகளுக்கென்று ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை தொடங்கினார். 1912-க்குள் மூன்று ஆஸ்பத்திரிகளுக்கும் 24 பள்ளிக்கூடங்களுக்கும் 13 மழலையர் பள்ளிகளுக்கும் இவர் பயிற்சி கொடுத்த நர்சுகள் போய்க்கொண்டிருந்தார்கள். உக்கிள் என்ற பகுதியில் பள்ளிக்கென்று புதுக் கட்டடமும் எழும்பத் தொடங்கிற்று.

1914 ஆகஸ்டு முதல் நாட்களில் முதலாம் உலக யுத்தம் வெடித்தது. எடித் அப்போது லீவில் இங்கிலாந்தில் விதவைத் தாயாரோடு இருந்தார். அங்கேயே தங்கியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் பிள்ளைகளை விட்டுவிட்டு இருக்க மனமில்லாமல் உடனே பிரஸ்ஸல்ஸ் திரும்பிவிட்டார். ஆகஸ்டு 20-ம் தேதி ஜெர்மன் சேனை பட்டணத்துக்குள் வந்தது. பள்ளிக்கூடம் செஞ்சிலுவை ஆஸ்பத்திரி ஆயிற்று. காயப்பட்டு வருகிறவன் ஜெர்மானியனா பெல்ஜியனா என்று பார்க்கக்கூடாது, காயத்தைப் பார்க்க வேண்டும் என்று நர்சுகளுக்குக் கற்பித்தார். எரிகோ பாதையில் நல்ல சமாரியன் செய்தது இதுதானே. இங்கிலாந்து நர்சுகள் அநேகர் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். எடித் தங்கிவிட்டார்.

அந்த நவம்பரில் ஒரு ராத்திரி, சாதாரண உடையில் இரண்டு இங்கிலாந்து சிப்பாய்கள் வாசலுக்கு வந்தார்கள். தங்கள் படை பின்வாங்கினபோது தப்பிப்போக வழியில்லாமல் ஒளிந்து திரிந்தவர்கள். ஒருவருக்குக் காலில் காயம். பிடிபட்டால் சுடப்படலாம். ஒளித்து வைக்கிறவர்களுக்கும் கடும் தண்டனை என்று ஜெர்மானியர் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். எடித் உள்ளே சேர்த்துக்கொண்டார். இரண்டு வாரம் வைத்திருந்து, வழிகாட்டியோடு அனுப்பினார். அது தொடக்கம். குரோய் என்ற பிரபு குடும்பத்தாரும், பிலிப் பாக் என்ற கட்டடக் கலைஞரும், லூயிஸ் துய்லியே என்ற பள்ளி ஆசிரியையும், இன்னும் அநேகரும் சேர்ந்த ஒரு கூட்டம் ஒளிந்திருந்தவர்களைத் தேடிக் கொண்டுவரும். எடித் அவர்களை நோயாளிகளைப் போல வைத்துப் பராமரிப்பார். பிறகு யுத்தத்தில் சேராத ஹாலந்து தேசத்து எல்லைக்கு அனுப்பப்படுவார்கள். சுமார் 200 பேர் இப்படி இவர் கையைக் கடந்து போனார்கள். நர்சுகளுக்கு ஆபத்து வரக்கூடாதென்று தம்மால் கூடியமட்டும் அவர்களுக்குத் தெரியாமலே செய்தார். இதில் வேதனை என்னவென்றால், தப்பவந்த சிப்பாய்களில் சிலர் வெளியே போய்க் குடித்துவிட்டு இங்கிலீஷில் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்புவார்களாம்!

இது சரியா, தேவ பிள்ளை ஆளுகிறவர்களுக்கு மறைத்து இப்படிச் செய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். செஞ்சிலுவைக் கூரையின் கீழே இதைச் செய்தது பள்ளிக்கூடத்துக்கே ஆபத்து என்று சொன்னவர்களும் உண்டு. அது உண்மையான ஆபத்துதான், மறுக்க முடியாது. யேசபேலின் நாட்களில் ஒபதியா 100 தீர்க்கதரிசிகளைக் கெபியில் ஒளித்து வைத்து அப்பமும் தண்ணீரும் கொடுத்தான் என்பதையும் நினைத்துப் பார்க்கிறோம். உயிருக்கு ஓடிவந்தவனை வாசலில் நிறுத்திவைத்து யோசித்துக்கொண்டிருக்க அந்த அம்மையாரால் முடியவில்லை.

1915 மே 7-ம் தேதி டாக்டர் டெபாஜின் மனைவி மரி அம்மையார், அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக்காகப் பணம் திரட்டிக்கொண்டு திரும்பும்போது, லூசிட்டேனியா கப்பல் மூழ்கடிக்கப்பட்டதில் மரித்தார். பள்ளிக்கு அது பெரிய இழப்பு. ஆகஸ்டு 5-ம் தேதி எடித்தைக் கைது செய்து செயின்ட் ஜில் சிறையில் போட்டார்கள்.

விசாரணையில் எடித் ஒன்றையும் மறைக்கவில்லை. மற்றவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள், இவரும் நடந்ததை நடந்தபடி சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கொஞ்சம் மழுப்பிப் பேசியிருந்தால் தப்பியிருக்கலாம், மற்றவர்களையும் தப்புவித்திருக்கலாம் என்று குறை சொல்லுகிறவர்கள் உண்டு. ஆனால் பொய் அவர் நாவுக்குப் பழக்கமில்லை. அக்டோபர் 7, 8 தேதிகளில் 35 பேரை நியாயம் விசாரித்தார்கள். நர்ஸ் யூனிஃபார்மில் வந்து நின்றிருந்தால் நியாயாதிபதிகளின் மனது இளகியிருக்கும் என்று அநேகர் சொன்னார்கள். அவரோ சாதாரண உடையில் தொப்பி போட்டு வந்து நின்றார். பள்ளிக்கூடத்தை இந்த வழக்குக்குள் இழுக்க அவருக்கு மனமில்லை. மரண தண்டனை. அமெரிக்க, ஸ்பானிய ஸ்தானாபதிகளின் சார்பில் அன்று ராத்திரியே ஓடிப்போய்க் கெஞ்சினார்கள். ஜெர்மன் அதிகாரிகள் கேட்கவில்லை.

சிறையிலிருந்து தம் நர்சுகளுக்கு எழுதின கடைசிக் கடிதம் ஒன்று உண்டு. தாம் சில வேளை அதிகக் கண்டிப்பாக இருந்திருக்கலாம் என்றும், அறிந்து ஒருவருக்கும் அநியாயம் செய்ததில்லை என்றும், அவர்கள் நினைக்கிறதைவிட அதிகமாய் அவர்களை நேசித்ததாகவும், யாருக்காவது மனத்தாங்கல் இருந்தால் மன்னிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்த மேட்ரனின் உள்ளம் அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது.

அக்டோபர் 11-ம் தேதி இரவு. சிறைச்சாலையின் ஜெர்மன் போதகர் லெ சூர் என்பவர், இந்த அம்மையாருக்குத் தம் பாஷைக்காரர் ஒருவரிடத்தில் திருவிருந்து பெற விருப்பமிருக்கும் என்று எண்ணி, ஸ்டர்லிங் காஹன் என்ற ஆங்கிலிக்கன் குருவானவரை வரவழைத்தார். சத்துரு சேனையில் இப்படியும் ஒரு ஊழியக்காரன்! காஹன் ஐயா உள்ளே வந்தபோது எடித் கலங்காமல் இருந்தார். எப்போதும் ஓட்டமும் பரபரப்புமாய் இருந்த தமக்கு முடிவுக்கு முன்னே இந்தப் பத்து வாரம் அமைதியைக் கொடுத்ததற்காகத் தேவனைத் துதிப்பதாகச் சொன்னார். டியூட்டிக்கு மேல் டியூட்டி பார்த்துக் களைத்தவர்களுக்கு இந்த வார்த்தை விளங்கும். சிறையில் வேதத்தோடு, தாமஸ் அ கெம்பிஸ் எழுதின கிறிஸ்துவைப் பின்பற்றுதல் பற்றிய புஸ்தகத்தையும் கோடிட்டு வாசித்திருந்தார். தேவனுக்கும் நித்தியத்துக்கும் முன்பாக நிற்கிறபோது, சொந்த தேசத்தை நேசிக்கிறது மட்டும் போதாது, எவர்மேலும் பகையோ கசப்போ இருக்கக்கூடாது என்பதைக் கண்டுகொண்டதாக அவரிடம் சொன்னார். இருவரும் திருவிருந்து எடுத்தார்கள். மாலை வேளையில் கர்த்தரைக் கூடத் தங்கும்படி வேண்டுகிற அந்தப் பழைய ஞானப்பாட்டைச் சேர்ந்து சொன்னார்கள்.

மறுநாள் 1915 அக்டோபர் 12 விடியற்காலை, பட்டணத்துக்கு வெளியே துப்பாக்கி சுடும் மைதானத்தில் பிலிப் பாக்கும் எடித்தும் சுடப்பட்டார்கள். கம்பம் வரைக்கும் எடித்தின் பக்கத்தில் நடந்து போனவர் அந்த ஜெர்மன் போதகர்தான். வயது 49. அவர் மயங்கி விழுந்தார், ஒரு அதிகாரி கைத்துப்பாக்கியால் சுட்டான் என்றெல்லாம் பிற்பாடு படம் போட்டுப் பரப்பினார்கள். அது நடக்கவில்லை. சாட்சியோடு கற்பனை கலக்கிற பழக்கம் எல்லா தேசத்திலும் உண்டு போலிருக்கிறது.

இதிலும் வேதனையான ஒன்று. பகை வேண்டாம் என்று சொல்லி மரித்தவரின் படத்தைப் போட்டே, பழிவாங்க வாருங்கள் என்று இங்கிலாந்தில் வாலிபரைச் சேனைக்குச் சேர்த்தார்கள். லண்டனில் 1920-ல் சிலை வைத்தார்கள். அதில் அவருடைய அந்தக் கடைசி வார்த்தைகள் இல்லை, 1924-ல்தான் சேர்த்தார்கள்.

யுத்தம் முடிந்தபின் 1919 மே மாதம் 15-ம் தேதி உடலைக் கொண்டுவந்து லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஆராதனை நடத்தினார்கள். ராஜாக்கள் கிடக்கிற இடம் அது. குடும்பத்தார் விருப்பப்படி அங்கே வைக்காமல் நார்விச்சுக்குக் கொண்டுபோய், கதீட்ரலின் வெளிப்புறத்தில், புல்வெளியில் அடக்கம் பண்ணினார்கள். தாயார் அதைக் காண இல்லை. முந்தின வருஷம் மரித்துப்போனார்.

பிரஸ்ஸல்ஸில் அந்தப் பள்ளிக்கூடம் மூடப்படவில்லை. எடித் சிறையில் இருந்த அந்த நாட்களிலேயே நர்சுகள் உக்கிள் பகுதியிலுள்ள புதுக் கட்டடத்துக்குச் சாமான்களைக் கொண்டுபோனார்கள். கட்டில்களை விரித்தார்கள். மேட்ரன் ஆசையாய்க் கட்டின அந்த வீட்டில் மேட்ரன் ஒரு நாளும் குடியிருக்கவில்லை. யுத்தத்துக்குப் பின் அந்தப் பள்ளிக்கு எடித் கேவல், மரி டெபாஜ் என்ற இரண்டு பேரின் பெயரையும் வைத்தார்கள். அந்தப் பகுதியில் இருவர் பெயரிலும் தெருக்கள் இருக்கின்றன.